செய்தி, இணையத்தளம், ரீவி செட்: மட்டக்களப்பில் இருந்து மூன்றையும் தொழிலாக்குவது எப்படி?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு செய்தி எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது கஷ்டம். பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தருவார்கள், அதுவும் பிந்தித்தான் வரும். இணையத்தள வடிவமைப்பை மட்டும் நம்பினால் சில மாதம் வேலை குவியும், சில மாதம் போனே அடிக்காது. தொலைக்காட்சி செட் வேலையோ, அதாவது நிகழ்ச்சிக்கு ஸ்டூடியோவில் பின்னணி அமைக்கிற வேலையோ, பெரும்பாலும் கொழும்பில். ஊரில் இருந்தபடி இந்தத் துறையில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் மூன்றையும் கற்றுக்கொள்வதுதான் வழி என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்கள்போலத் தோன்றும். செய்துபார்க்கிறவருக்குத் தெரியும், மூன்றிலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: பார்க்கிறவர் எங்கே இருந்து பார்க்கிறார், அவருக்கு முதலில் எது தெரிய வேண்டும்? ஏ.எல். முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்காக, எந்த வரிசையில் கற்பது, எங்கே கவனமாக இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் செய்தி

செய்தியில்தான் தொடங்க வேண்டும். கமராவும் கொம்பியூட்டரும் பிறகு வரட்டும். ஒரு கொப்பி, ஒரு பேனை, கையில் இருக்கிற போன் போதும்.

மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறப்பது நமக்குப் பழகிய செய்தி. ‘வான்கதவுகள் திறப்பு, மக்கள் அவதானம்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். படுவான்கரையில் வேளாண்மை செய்கிற ஒருவருக்கு அந்த வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எத்தனை கதவு, எத்தனை அடிக்குத் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, அதைச் சொன்ன அதிகாரி யார்? வவுணதீவுப் பக்கம் எந்த வீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது? வலையிறவுப் பாலத்தால் மோட்டார் சைக்கிள் போகுமா? இவ்வளவும் இருந்தால்தான் அது செய்தி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒருவரிடம் கேளுங்கள், அப்புறம் அந்த ஊரில் நிற்கிற ஒருவரிடமும் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துவராவிட்டால் ஒத்துவரவில்லை என்றே எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது வெறும் தண்ணீரை எடுக்காதீர்கள். ஒரு மதகு, ஒரு மின்கம்பம், வேலிக்கட்டை என்று ஊர்க்காரருக்கு அளவு தெரிந்த ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளம் எவ்வளவு என்று பார்த்தவுடன் விளங்கும். போன வருட வெள்ளப் படம் ஒவ்வொரு மாரியிலும் புதிதாகச் சுற்றி வரும். உங்கள் படத்தில் திகதியும் இடமும் எப்போதும் எழுதிவையுங்கள்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபை, பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று எந்த அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடமும் எந்தப் பிரசையும் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

கேள்வி எவ்வளவு சின்னதோ பதில் அவ்வளவு பெரிது. ‘எங்கள் ஊர் வீதிக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால் வழவழ என்று ஒரு பதில் வரும். அந்த வீதியின் பெயரைச் சொல்லி, கொங்கிறீட் வேலைக்கான ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், தொடங்கிய திகதி, முடிக்க வேண்டிய திகதி, இதுவரை கொடுத்த பணம் என்று ஐந்து வரியில் கேளுங்கள். அந்த ஐந்து பதிலும் கைக்கு வந்தால் ஒரு முழுப் பக்கச் செய்தி.

இந்தத் தொழிலுக்குள் வருகிற பிள்ளைகள் இரண்டு பெயரைத் தெரிந்திருக்க வேண்டும். வீரகேசரியில் எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். நாம் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவர்கள் கொடுத்த விலை இருக்கிறது. ஆகவே கவனமும் தொழிலின் ஒரு பகுதிதான். சிக்கலான விசயத்துக்குப் போகும்போது எங்கே போகிறீர்கள், யாரைச் சந்திக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஆசிரியபீடத்திலோ வீட்டிலோ ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். குறிப்புக் கொப்பியை எறியாதீர்கள். இணையத்தில் போடுவதற்கு 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொருந்தும். அதை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் காட்டக்கூடிய ஊர், பாடசாலை விபரத்தையோ வெளியிடவே கூடாது. நம் ஊர்கள் சின்னவை. ‘இன்ன கிராமத்து 14 வயதுச் சிறுமி’ என்றாலே பக்கத்து ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

பிறகு இணையத்தளம்

செய்தி எழுதத் தெரிந்தவர் இணையத்தளம் செய்ய வரும்போது ஒரு பெரிய வசதி அவரிடம் இருக்கிறது. எதை மேலே வைப்பது, எதை வெட்டுவது என்று அவருக்குத் தெரியும். மற்றதெல்லாம் பழகிவிடலாம். பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கிற எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ் இரண்டின் அடிப்படையைக் கையால் எழுதிப் பழகிவிட்டு, ஆயத்தமான வார்ப்புருக்களை (டெம்ப்ளேட்) வைத்துத் தளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் பக்கம் போங்கள். நேரே வேர்ட்பிரஸில் தொடங்குகிறவர், வார்ப்புரு உடைந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

தமிழ்த் தளத்துக்கு என்று தனியான வேலைகள் சில உண்டு. முதலாவது, பாமினி. நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. கோயில் மலரோ பாடசாலை மலரோ ஒன்றைத் தந்து ‘இதைத் தளத்தில் போடுங்க தம்பி’ என்பார்கள். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறித் தெரியும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். முக்கியமாக ஔகாரம். ‘மௌனகுரு’ என்ற பெயரில் வருகிற ‘மௌ’வை ‘மெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு எழுதியிருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடுபொறிக்கு அவை இரண்டு வேறு சொற்கள், சரியாகத் தட்டித் தேடுகிறவருக்குப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, தமிழ்ச் சொற்களின் நீளம். ஆங்கிலத் தளத்தில் ஒரு சொல்லில் முடிகிற பட்டி (மெனு), தமிழில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று நீண்டு போன் திரையில் இரண்டாக உடையும். பட்டிச் சொற்களை முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் வடிவமையுங்கள். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துப் பிடிக்கிற அமைப்பைப் போனில் தவிருங்கள், சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் (Catamaran) எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற நல்ல எழுத்துருக்கள்.

மூன்றாவது, படத்தின் எடை. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 150, 200 கேபிக்குக் குறைத்தாலும் போன் திரையில் வித்தியாசம் தெரியாது. டேட்டா காட் போட்டுப் பார்க்கிற சனத்துக்கு அதுதான் மரியாதை. செய்து முடித்த தளத்தை உங்கள் லப்டொப்பில் பார்த்துத் திருப்திப்படாமல், விலை குறைந்த ஒரு ஆன்ட்ராய்ட் போனில், நல்ல வெயிலில், பஸ் நிலையத்தில் நின்று திறந்து பாருங்கள்.

வாடிக்கையாளர் எங்கே? அறுகம்பேயில் இருக்கிறார்கள். ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அங்கே கடலலைச் சறுக்கு காலம், சின்னச் சின்ன விடுதிகள் நிறைய. அவர்களுடைய தளம் ஆங்கிலத்தில், பெப்ரவரிக்குள் தயாராக இருக்க வேண்டும். பாசிக்குடாவிலும் கேட்டுப் பாருங்கள். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் கடைக்காரர்கள் கேட்பது வேறு: போன் நம்பர் மேலே, தொட்டவுடன் அழைப்புப் போக வேண்டும், கடைக்கு வழி காட்டும் வரைபடம் வேண்டும். அவ்வளவுதான். அதை ஒரே பக்கத்தில் செய்துகொடுங்கள்.

தளத்தின் முகவரியை எப்போதும் வாடிக்கையாளரின் பெயரில் பதியுங்கள். தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு பிடிகொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆட்களால் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். டொட் எல்கே முகவரியோடு, 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் நமக்கு இருக்கிறது. தமிழ் அமைப்புகளுக்கு அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

செட்

இதற்குத்தான் ஊரில் வழிகாட்ட ஆள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பந்தல் சோடனையும் மேடைச் சோடனையும் நமக்குக் கைவந்த கலை. கூத்துக் களரி அதற்கும் முந்தியது. ஆனால் களரி வட்டமானது, சனம் சுற்றிவர இருந்து பார்க்கும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆட்டத்தை எல்லாப் பக்கத்துக்கும் திருப்புவார். தொலைக்காட்சி செட்டைப் பார்ப்பது இரண்டு மூன்று கமரா மட்டும். அந்தக் கமரா பார்க்காத இடத்தில் ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது, பார்க்கிற இடத்தில் ஒரு ஆணித்தலையும் தெரியக் கூடாது. கலியாண மேடை செய்து பழகியவர்கள் செட்டுக்கு வரும்போது எல்லா இடத்தையும் நிரப்புவார்கள். பூவும் திரையும் மின்குமிழுமாக நிறைந்த பின்னணியில் பேசுகிறவரின் முகம் காணாமல் போய்விடும்.

ஆகவே முதல் வேலை நிகழ்ச்சியைப் படிப்பது. எத்தனை பேர் இருப்பார்கள்? எத்தனை கமரா? ஆகக் கூடிய அகலத்தில் எடுக்கும் காட்சி எது? இதைத் தயாரிப்பாளரிடம் ஒரு நிருபரைப்போலக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வேலை அளப்பது. அறையின் நீளம், அகலம், உயரம், மின்விசிறி தொங்குகிற இடம், பிளக் இருக்கிற இடம், வாசல் அளவு. வாசலை மறக்கவே கூடாது. ஓடாவியார் அழகாகச் செய்த பலகைச் சுவர் வாசலால் நுழையாவிட்டால் என்ன செய்வது? அப்புறம் வரைபடம். 1:50 என்ற அளவில் வரையுங்கள், 2 சென்ரிமீற்றர் ஒரு மீற்றருக்குச் சமம். சாதாரண சதுரக்கோட்டுக் கொப்பி போதும். பிறகு பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாணத்தில் செய்துபாருங்கள்.

ஒரு உதாரணம். 20 அடி நீளமான அறை, ஒருவர் பேட்டி காண, ஒருவர் பதில் சொல்கிறார். பின்சுவரில் இருந்து அவர்களுக்கு 6 அடி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அவர்களின் நிழல் சுவரில் விழும், ஆளும் சுவரோடு ஒட்டினதுபோல் தெரியும். கதிரைக்கும் மேசைக்கும் 3 அடி. மிச்சம் 11 அடி. கமராக்காரர் நிற்க 3 அடி போனால், கமராவுக்கும் ஆளுக்கும் நடுவே 8 அடி.

ப்ளைவூட் ஷீற் 8க்கு 4 அடி. மூன்றை நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 அடி அகலம், 8 அடி உயரம். திரைச் சட்டம் 16க்கு 9. பின்சுவரில் 12 அடி அகலம் தெரிந்தால் உயரம் 6¾ அடிதான் தெரியும். இருக்கிறவரின் கண் தரையில் இருந்து ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். அந்த மட்டத்தில் கமராவை வைத்தால் 8 அடிச் சுவர் தாராளம். ஆனால் ஓரத்தில் இருந்து எடுக்கிற கமராவுக்கு அந்தச் சுவரின் விளிம்பும் அதற்கப்பால் மண்டபத்து ஜன்னலும் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷீற்றைச் சாய்கோணத்தில் சேருங்கள். ஐந்து ஷீற், 2க்கு 1 அங்குலச் சட்டப் பலகை, பின்னால் முட்டு, முட்டின் காலில் மண்மூட்டை. கணக்கை இப்படிக் கடதாசியில் முடித்துவிட்டுத்தான் ஹாட்வெயார் கடைக்குப் போக வேண்டும்.

நிறம் பூசும்போது மினுங்குகிற பெயின்ற் வேண்டாம், மினுங்காத மாட் பெயின்ற் எடுங்கள். மினுங்கும் சுவரில் லைட் அடித்து வெள்ளைப் பொட்டு விழும். நம் விருந்தினர் பலர் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக வருவார்கள். வெள்ளைப் பின்னணி வைத்தால் கமரா முகத்தை இருட்டாக்கிவிடும். கடும் கறுப்பும் தலைமுடியை விழுங்கிவிடும். நடுத்தரமான நீலம், பச்சை, செங்கல் நிறம் நம் முகங்களுக்கு நன்றாக எடுக்கும்.

மருதமுனைக் கைத்தறியும் பன்பாயும் பின்னணிக்கு அருமையான பொருட்கள். வேறு எந்த ஊர் ஸ்டூடியோவிலும் காணாத தனித்தன்மை உங்கள் செட்டுக்கு வரும். ஆனால் மெல்லிய கோடும் சின்னக் கட்டமும் கமராவில் அலை அலையாக நெளியும். அகலக் கோட்டுத் துணியைத் தேர்ந்தெடுத்து, வாங்கும்போதே கடையில் போன் கமராவால் தூர நின்று பாருங்கள். நெளிந்தால் விட்டுவிடுங்கள்.

லைட்டுக்கு மூன்று போதும்: முகத்துக்கு ஒன்று, எதிர்ப்பக்க நிழலை மெதுவாக்க ஒன்று, பின்னால் இருந்து தலையையும் தோளையும் சுவரில் இருந்து பிரித்துக் காட்ட ஒன்று. மஞ்சள் பல்பையும் வெள்ளைப் பல்பையும் கலக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டரை 1/50 செக்கனிலோ 1/100 செக்கனிலோ வைக்காவிட்டால் மலிவான எல்ஈடி லைட் திரையில் துடிக்கலாம். மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழும் என்பதால் ஒளிப்பதிவின்போது நிறுத்த வேண்டி வரும். அப்போது வியர்க்கும். இடையில் ஓய்வு விடச் சொல்லித் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மழைக்காலத்தில் விளிம்பு பூசாத ப்ளைவூட் ஈரத்தை இழுத்து ஊதும். நான்கு விளிம்பையும் பெயின்ற்றால் அடைத்துவிடுங்கள்.

செய்தியும் எழுத்துருவும் தெரிந்த ஆள் செட் செய்தால் என்ன வித்தியாசம் என்று இப்போது பாருங்கள். திரையின் கீழ்ப்பகுதியில் பெயர்ப்பட்டி வரும். ‘கலாசார உத்தியோகத்தர், மண்முனை வடக்கு பிரதேச செயலகம்’ என்பது ஒரு வரியில் அடங்காது. இரண்டு வரிப் பட்டி போட்டால் திரையின் கீழ்க் கால்வாசி மறையும். மேசையில் நிலையத்தின் சின்னத்தை ஆசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள், அது முழுநேரமும் பட்டிக்குப் பின்னால் போய்விடும். பட்டியின் உயரத்தை முதலிலேயே கேட்டு, மேசையையும் சின்னத்தையும் அதற்கு மேலே கொண்டுவருகிறவருக்கு அடுத்த வேலையும் நிச்சயம் கிடைக்கும்.

மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம்

இதைப் பற்றிப் புதியவர்களிடம் யாரும் பேசுவதில்லை. நீங்கள் ஒரு ஒப்பந்தக்காரரின் நிறுவனத்துக்கு இணையத்தளம் செய்கிறீர்கள். அடுத்த மாதம் அவர் போட்ட வீதி வெடித்துவிட்டது என்று சனம் உங்களிடம் வருகிறது. எழுதுவீர்களா? எழுதினால் பணம் நிற்கும். எழுதாவிட்டால் நீங்கள் நிருபர் இல்லை. பிரதேச சபைத் தளத்தைப் பராமரித்துக்கொண்டே அந்தச் சபையின் கூட்டத்தைச் செய்தியாக்குவதும், தேர்தல் காலத்தில் ஒரு கட்சியின் நிகழ்ச்சிக்கு செட் போட்டுவிட்டு அதே தேர்தலை எழுதுவதும் இதே சிக்கல்தான்.

என் நிலைப்பாடு இது. வடிவமைப்பு வேலைக்கு யாரிடம் பணம் வாங்குகிறீர்களோ அவரைப் பற்றிய செய்தியை நீங்கள் எழுதக் கூடாது, நல்லதாக இருந்தாலும் சரி. செய்தி கிடைத்தால் வேறொரு நிருபரிடம் கொடுங்கள், மறைக்காதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அரசியல்வாதிகளின் தளம், ஒரு கட்சியின் மேடை போன்றவற்றை ஏற்பதா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ஏற்பது என்றால் அரசியல் செய்தியை விட்டுவிடுங்கள். மாவட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பெயர் ஒருமுறை கெட்டால் திரும்ப வராது.

எங்கே படிப்பது, எப்படி நுழைவது

கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. காட்சிக் கலையும் நாடகமும் அங்கே படிக்கலாம். செட் பக்கம் போக விரும்புகிறவருக்கு இதைவிடப் பக்கத்தில் நல்ல இடம் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்தியிருக்கிறது. மரவேலையும் மின்வேலையும் தொழில்நுட்பக் கல்லூரியில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழோடு பழகலாம். செட் செய்கிறவர் ஓடாவி ஆகத் தேவையில்லை, ஆனால் ஓடாவியாரோடு அவருடைய பாஷையில் பேசத் தெரிய வேண்டும்.

சிங்களம் கட்டாயம். கொழும்பு ஸ்டூடியோக்களில் தச்சுவேலை பாஸ்மாரும் லைட் போடுகிறவர்களும் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். தமிழ் அலைவரிசையான நேத்ராவோ வசந்தமோகூட ரூபவாஹினி, ஐரிஎன் என்ற பெரிய நிறுவனங்களுக்கு உள்ளேதான் இருக்கின்றன. அளவு, நிறம், ‘கொஞ்சம் இடப்பக்கம்’, ‘தூக்குங்க’, ‘கவனம்’ என்று ஐம்பது சொல் தெரிந்தாலே வேலை ஓடும்.

கொழும்பில் வேலை தேடுவதற்கு முன் ஊரில் சிறிதாகச் செய்து காட்டுங்கள். யூடியூப்பில் பேட்டி போடுகிற குழு ஒன்று உங்கள் பக்கத்திலும் இருக்கும். அவர்களுக்குப் பொருட்செலவுக்கு மட்டும் ஒரு செட் செய்துகொடுங்கள். வெறும் அறையின் படம், உங்கள் வரைபடம், முடிந்த செட், திரையில் அது தெரிந்த விதம் என்று நான்கு படத்தையும் வரிசையாக வையுங்கள். அதோடு உங்கள் நல்ல செய்திகள் மூன்று, செய்த தளங்கள் இரண்டு. எல்லாவற்றையும் உங்கள் சொந்தத் தளத்தில் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

வேலை கிடைத்தால் வாய்ப்பேச்சோடு தொடங்க வேண்டாம். என்ன செய்வீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள், எப்போது முடிப்பீர்கள், எவ்வளவு பணம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். செட் என்றால் பொருட்செலவை முழுதாக முன்பே வாங்கிவிடுங்கள், ப்ளைவூட் கடைக்காரர் நிலையத்தின் காசோலைக்குக் காத்திருக்க மாட்டார். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவுக் கோச்சியில் போய் இறங்கிய கையோடு கூட்டத்துக்குப் போகிறவர்கள், அளவு நாடாவும் வரைபடமும் கைப்பையில் இருக்கிறதா என்று வீட்டை விட்டு இறங்கும்போதே பாருங்கள். அங்கே இறங்கியதும் முதலில் ஸ்டூடியோவின் தரையையும் வாசலையும் அளந்து எழுதுங்கள், பேச்சு அதற்குப் பிறகு.